தொண்ணூறு வரை

19 மார்ச் 1962

சுபஹு தொழுதுவிட்டு இருபத்தைந்து வாளி அள்ளினேன். முற்றத்து இரும்புப் பீப்பாய், எங்கள் பரல், கழுத்துமட்டும் நிரம்ப வேண்டும். ஆட்கள் வேலைக்கு வருமுன் நிரப்பிவிட்டுக் கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். அதுதான் என் வேலை.

இன்றைக்கு ஒரு புது ஆள். கிண்ணியாவிலிருந்து வந்த லாபிர். வாப்பாவிடம் கடலுக்குள் மூழ்கிச் சுழியோட வருகிற எல்லாரும் முதல் நாள் பரலுக்குள் தலையை வைக்க வேண்டும். வாப்பா பிடரியில் கையை வைத்துத் தொண்ணூறு எண்ணுவார். பிறகு வேலையில் ஆள் சுணங்கினாலும் அதே பரல்தான். யுத்தத்தில் குண்டுபட்டுத் துறைமுகத்துக்குள் மூழ்கிய கப்பல் ஒன்றை வெட்டி எடுக்கிற தொழில் எங்களுடையது. மூச்சடக்கத் தெரியாதவன் இரும்புக்கு வரக்கூடாது என்பார்.

குசினிக்குள் இருந்தால் எண்ணுவது கேட்கும். அறுபத்தெட்டில் லாபிர் உதைக்கத் தொடங்கினார். பரல் டம் டம் என்றது. "அறுவத்தொம்பது" என்று வாப்பா அதே குரலில் சொன்னார். உம்மா இடக்கையால் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தா. நிமிரவில்லை. நான் அடுப்பை ஊதினேன். எழுபது, எழுபத்தொன்று. எனக்கும் மூச்சு விட ஏலவில்லை.

23 மார்ச்

உம்மாவின் வலக்கையைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை. போன வருசம் ஒரு நாள் உம்மா பரலைச் சரித்துத் தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டா. ஏன் என்று வாப்பா கேட்கவில்லை. கையைப் பிடித்து முதுகுப் பக்கம் முறுக்கினார். விறகு முறிகிற சத்தம்தான் கேட்டது. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி கட்டினார், ஆனால் எலும்பு கோணலாகத்தான் ஒட்டியது. சட்டி தூக்க ஏலாது. அதோடு என்னை எட்டாம் வகுப்பில் நிற்பாட்டினார்கள். சமைக்கவும் தண்ணீர் அள்ளவும் ஆள் வேண்டுமே.

நான் அள்ளுகிற தண்ணீர். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

30 மார்ச்

மீன் கறியில் உப்பு கூடிவிட்டது. ஒருவரும் ஏசவில்லை. பரலுக்கு இன்று வேலை இல்லை.

4 ஏப்ரல்

வாப்பா கடலுக்குள் கால் வைத்ததை நான் கண்டதே இல்லை. தோணியில் நின்று கயிற்றைப் பிடிப்பார். சுழியோடியின் இடுப்பில் ஒரு நுனி, வாப்பாவின் கையில் மறு நுனி. தொண்ணூறு எண்ணும் வரை இழுக்கமாட்டார். அதற்கு முன்னுக்கு மேலே வந்தவனுக்கு அதே கயிற்றால் அடி.

தொழுமுன் முகம் கைகால் கழுவி ஒளூச் செய்யும்போதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் செய்வார். மூன்று துளியைக் கையில் எடுத்து, கண்ணை மூடாமல், முகத்தில் தடவுவார். பள்ளியில் இருக்கிற ஹவுள் தொட்டிக்குப் போவதில்லை. முதலாளிக்குப் பெருமை என்று ஊர் நினைக்கிறது. மூத்த சுழியோடி றஊப் காக்கா இன்று வேலிக்கு அப்பால் மற்றவர்களிடம் சொன்னார்: "மழைத் தூறலுக்கும் ஓடி ஒளியிற மனிசன். கப்பல்ட அடியில என்ன இரிக்கெண்டு நமக்குச் சொல்லித் தாறார்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது.

11 ஏப்ரல்

மூத்தாப்பாவை மூதூரிலிருந்து லாஞ்சில் கொண்டுவந்தார்கள். வாப்பாவின் வாப்பா. இரண்டு காலும் விழுந்துவிட்டது. வாப்பாதான் கையில் தூக்கிவந்து கதிரையில் இருத்தினார். "ஓம் வாப்பா, சரி வாப்பா." வாப்பாவிடம் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளையின் குரல்.

மூத்தாப்பா நல்லவர் போலத்தான் இருக்கிறார். என்னைக் கிளி என்று கூப்பிடுகிறார்.

15 ஏப்ரல்

கஞ்சி பருக்கும்போது மூத்தாப்பா பரலைப் பார்த்தார்.

"எத்தினை எண்ணுறான்?"

"தொண்ணூறு."

அவருக்குச் சிரிப்பு வந்து கஞ்சி நாடியில் வழிந்தது. "தொண்ணூறா? உன்ட வாப்பாவ ஏழு வயசில நான் நூத்திருவது மட்டும் அமத்திப் புடிச்சிரிக்கன் கிளி. சங்கு குளிக்க ஆள் வேணுமே. ஒரு நாள் மூச்சு நிண்டு மௌத்தாப் போனான். காலப் புடிச்சித் தலைகீழா ஆட்டினன், தண்ணியெல்லாம் கக்கிட்டு எழும்பினான். அடுத்த நாளும் அமத்தினன்."

அவரை நல்லவர் என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வெட்டவில்லை, கிடக்கட்டும். நாடியைத் துடைத்துவிட்டேன்.

வாப்பாவுக்கு ஏழு வயது. எனக்கு நினைத்துப் பார்க்க ஏலாமல் இருக்கு.

26 ஏப்ரல்

லாபிர்ட காது ரெண்டும் போயிட்டு.

றஊப் காக்கா உம்மாவிடம் சொன்னது இது. லாபிர் ஐம்பதிலேயே மேலே வந்தாராம். காதிலிருந்து இரத்தம். "ஏலாது முதலாளி" என்று தோணியைப் பிடித்திருக்கிறார். வாப்பா கயிற்றால் விரலில் அடித்து விரலை விடப் பண்ணினார். இன்னும் நாற்பது இருக்கு என்று சொல்லித் திரும்ப அனுப்பினார். லாபிர் மேலே வரவில்லை. றஊப் காக்கா குதித்து முடியைப் பிடித்து எடுத்தார்.

வேலிக்கு அப்பால் இருக்கிற வாடிக் கொட்டிலுக்குத் தூக்கி வந்தார்கள். முகம் நீலம். மூக்கிலும் வாயிலும் நுரை. வயிற்றை அமத்த அமத்தத் தண்ணீர் வந்தது. வாப்பா பக்கத்தில் நின்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருந்தார். எண்பத்திரண்டு, எண்பத்தி மூன்று. ஆள் தரையில கிடக்கு, இவர் எண்ணுறார். நிப்பாட்டத் தெரியாதா இந்த மனிசனுக்கு?

லாபிர் உயிரோடு இருக்கிறார். நாங்கள் கூப்பிடுவது கேட்கவில்லை.

27 ஏப்ரல், பின்னேரம்

ஒருவரும் வேலைக்கு வரவில்லை. வாப்பா ஆள் அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை எட்டுப் பேரும் வரவேண்டும், ஒவ்வொருவராகப் பரலுக்குள். தொண்ணூறு இல்லையாம். நூற்றி இருபது.

"வெள்ளன நிரப்பி வை" என்றார் என்னிடம். நான் தலையாட்டினேன். எப்போதும் தலைதான் ஆட்டுவேன்.

நாளைக்கு ஒருவர் செத்துப்போவார். என் தண்ணீரில். உம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

28 ஏப்ரல்

நிரப்பவில்லை.

வாளியைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டுப் பரலுக்குப் பக்கத்தில் நின்றேன். றஊப் காக்கா மட்டும் வந்திருந்தார். மூத்தாப்பா கதிரையில் இருந்தார். வாப்பா பரலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி எங்க?"

"நான் அள்ளல்ல." என் குரல் அவருக்குக் கேட்டிருக்குமோ தெரியாது. திரும்பச் சொன்னேன். "இனி அள்ளவும் மாட்டன்."

முக்காட்டோடு முடியைப் பிடித்தார். விளிம்பு தொண்டையில் இடித்தது. வெறும் பரலுக்குள் என் தலை. துரு மணம். இருட்டு. ஒண்டு, ரெண்டு, மூண்டு. தண்ணீர் இல்லாமலே அமத்துகிறார். பரலுக்குள் அந்த எண்ணிக்கை பத்துப் பேர் எண்ணுகிற மாதிரிக் கேட்டது. உம்மா கத்துவது தூரத்தில் கேட்டது. கழுத்து முறிந்துவிடும் என்று நினைத்தேன்.

"வாப்பா" என்றேன். "வாப்பா, உடுங்க வாப்பா."

பரல் அதைப் பெரிதாக்கித் திருப்பிச் சொன்னது. யாரோ ஒரு சின்னப் பிள்ளை உள்ளே கிடந்து கூப்பிடுவது போல. நாற்பத்தியொன்றில் எண்ணுவது நின்றது. கை மட்டும் எடுக்கவில்லை.

அப்போது மூத்தாப்பா கதிரையில் இருந்து வாப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்: "உடாத ஆதம்பாவா. இன்னும் நூத்திருவது வரல்ல."

கை விட்டது.

நான் விழுந்தேன். நிமிர்ந்து பார்க்கும்போது வாப்பா மூத்தாப்பாவின் கழுத்தைப் பிடித்துக் கதிரையிலிருந்து தூக்கியிருந்தார். கிழவரின் கண் பிதுங்கியது. வாப்பா எண்ணவில்லை, ஒரு சத்தமும் இல்லை. அதுதான் பெரிய பயம். றஊப் காக்கா பின்னால் பிடித்து இழுத்தார், அசைக்க ஏலவில்லை. உம்மா அந்தக் கோணல் கையை இருவருக்கும் நடுவில் வைத்தா.

"இதையும் முறிங்க" என்றா. "முறிச்சிட்டு உங்கட வாப்பாவக் கொல்லுங்க."

வாப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. மணலில் குந்திவிட்டார். வாயை ஆவென்று திறந்து மூச்சை இழுத்தார், திரும்பத் திரும்ப இழுத்தார். கடலடியிலிருந்து வந்த ஆள் இழுக்கிற மாதிரி. றஊப் காக்கா பக்கத்தில் குந்தி, சுழியோடிகளுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னார்: "மெல்ல, முதலாளி. மேல வந்திட்டீங்க. மெல்ல."

29 ஏப்ரல்

தொண்டையில் பரல் விளிம்பின் காயம். துப்பினால் இரத்தம். உம்மா எண்ணெய் பூசினா.

6 மே

மூத்தாப்பாவைத் திரும்ப மூதூருக்கு, ஆமினா மாமியிடம் கொண்டுபோய் விட்டாயிற்று. மாமி வாப்பாவின் ராத்தா, கூடப் பிறந்த அக்கா. கழுத்தில் விரல் அடையாளத்தைக் கண்டும் அவ ஒன்றும் கேட்கவில்லையாம். "இவ்வளவு காலம் எடுத்திரிக்கி உனக்கு" என்று மட்டும் சொன்னாவாம்.

13 மே

வாப்பா கிண்ணியாவுக்கு லாபிரைப் பார்க்கப் போனார். கூடப் போன றஊப் காக்கா சொன்னார். லாபிரின் பெண்சாதி நஜ்முன் நிஸா வாசலுக்கு வந்து, சட்டியில் இருந்த மீன் கழுவின தண்ணீரை முழுக்க முகத்தில் ஊற்றினாவாம். "முதலாளி ஓடல்ல. நடுங்கிக்கிட்டு நிண்டார். நான் புடிக்கப் போனன், வேணாமெண்டார்."

லாபிர் மன்னிக்கவில்லை. வாப்பா என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்கவா போகிறது?

9 ஜூன்

வாப்பா மாறிவிட்டார் என்று எழுத நினைத்திருந்தேன். இன்று சோறு பிந்தியதற்குக் கோப்பையை எறிந்தார். உம்மாவின் காதோடு போய்ச் சுவரில் உடைந்தது. பிறகு தானே குந்தி உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். விரல் வெட்டுப்பட்டது. உம்மா துணி கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

2 ஜூலை

கப்பலில் திரும்ப வேலை தொடங்கியிருக்கிறது. ஐந்து பேர்தான் வந்தார்கள். றஊப் காக்கா வைத்த ஒப்பந்தம்: கயிறு வாப்பாவின் கையில் இல்லை. கீழே இருக்கிறவன் ஒருதரம் சுண்டினால் உடனே இழுக்க வேண்டும், எத்தனை நேரம் என்று கேட்கக் கூடாது. வாப்பா கரையைப் பார்த்துத் திரும்பி இருக்க வேண்டும். "வாய் அசையிது முதலாளி, எண்ணாதீங்க" என்று இன்று மூன்றுதரம் சொன்னாராம். மூன்றாம் தரம் வாப்பாவுக்கே சிரிப்பு வந்ததாம். நான் நம்பவில்லை.

பரலைச் சரித்துப் போட்டு உம்மா கோழி அடைக்கிறா.

19 ஆகஸ்ட்

அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பா கிணற்றடிக்கு வந்தார். சாரம் மட்டும் உடுத்திருந்தார்.

"ஸல்ஹா. ஒரு வாளி அள்ளி என்ட தலையில ஊத்துறியா மகள்?"

தண்ணீர் அள்ளமாட்டேன் என்று சொன்னது எனக்கு நினைவு இருந்தது. அவருக்கும் இருந்திருக்க வேண்டும். "ஏலாதெண்டா உடு" என்றார்.

அள்ளினேன். அவர் குந்தி இருந்து கிணற்றுச் சுவரை இரண்டு கையாலும் பிடித்தார். "நான் நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டணும்."

"ஓம்."

ஊற்றினேன். உடனே "நிப்பாட்டு" என்றார். நிற்பாட்டினேன். தலையை நிமிர்த்தி, வாளி உண்மையாகவே நிமிர்ந்துதான் இருக்கிறதா என்று பார்த்தார். முகத்தில் தண்ணீர் வழிந்தது.

"இன்னும் கொஞ்சம்."

ஏழு தரம் நிற்பாட்டச் சொன்னார். ஏழு தரமும் நிற்பாட்டினேன். உம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா, வலக்கையை இடக்கையால் தாங்கியபடி. கிட்ட வரவில்லை. உள்ளேயும் போகவில்லை.

அரை வாளி மிஞ்சியது.