கப்பல்துறைத் தோட்டத்து இரும்பு

லிங்கநகர்,
திருகோணமலை.
17-05-75

அன்புள்ள மகள் மலருக்கு,

அப்பாவும் நானும் கைகால் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகனும் குட்டியும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எங்கள் சுகத்தை முதல் வரியிலேயே எழுதச் சொன்னது அப்பாதான். எங்கள் வீட்டில் குண்டு எடுத்த கதையை யாராவது அரைகுறையாகக் கேட்டு உனக்கு எழுதினால் நீ அங்கே தனியே கிடந்து துடிப்பாய், அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்கிறேன். படித்து முடிக்கும்வரை பயப்படாதே. முடித்த பிறகும் பயப்படாதே என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். துறைமுகக் கன்ரீனில் ஊருக்கெல்லாம் சமைத்த மனுசன், பென்சன் எடுத்தும் கை சும்மா இருக்காது, ஞாயிறு என்றால் என்னைக் குசினிப் பக்கம் விடமாட்டார், வீட்டுக்குப் பின்னால் கோடியில் மூன்று கல்லை வைத்து விறகடுப்பு மூட்டிவிடுவார். அடுத்த ஒழுங்கை மைமூனா மாமியும் சரீப் மாமாவும் வருவார்கள், சரீப் மாமா காலையில் வள்ளத்தில் போய்ப் பிடித்த மீனோ நண்டோ கையில் இருக்கும். ஞானசேகரம் மாமாவும் மனுசி போனபிறகு எங்களோடுதான் ஞாயிற்றுச் சாப்பாடு. அவர் இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் துறைமுகத்து வெடிமருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்தவர் என்பது உனக்கு நினைவிருக்கும். நானும் மைமூனாவும் வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டுப் பின்னலோடு இருந்துவிடுவோம். கம்பளி நூலைக் கடையில் இப்போது கண்ணாலும் காண ஏலாது, வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய சுவெற்றர்களைத் தேடிப்பிடித்து, பிரித்து, கழுவிக் காயவைத்துத்தான் பின்னுகிறோம். கண்ணி போட நான் பழக்கிய மைமூனாதான் இப்போது என் பிழையைத் திருத்துகிறாள். இந்த வெயிலுக்குள் கம்பளி பின்னுகிற இரண்டு விசரிகள் என்று சரீப் மாமா பகிடி பண்ணுவார், பண்ணிவிட்டு நூலுருண்டையை அவரே பிடித்துக்கொண்டும் இருப்பார்.

பாணுக்கு வரிசை, அரிசிக்குத் தட்டுப்பாடு என்று போன வருசம் எழுதியிருந்தேன். அதனால்தான் அப்பாவும் சரீப் மாமாவும் சேர்ந்து கப்பல்துறைக் கிராமத்துப் பக்கம் ஒரு துண்டுக் காணி வெட்டி மரவள்ளி நட்டார்கள். மாசி மாதம் அங்கே வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டியில் இரும்பு தட்டுப்பட்டிருக்கிறது. கிளறி எடுத்தால் முழத்துக்கு மேல் நீளத்தில் இரண்டு இரும்புக் கட்டை, ஒரு நுனி கூர், துரு பிடித்து மண்ணோடு மண்ணாகக் கிடந்ததாம். வெள்ளைக்காரன் வேலிக்கோ பாலத்துக்கோ கொண்டுவந்து விட்டுப்போன சாமான் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொன்றாகக் கரத்தையில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சரீப் மாமா தன்னுடையதை வள்ளத்துக்கு நங்கூரமாகக் கட்டினார். அப்பா எங்களுடையதைக் கூர்ப்பக்கம் நிலத்தில் புதைத்து அடுப்புக்குப் பக்கத்தில் நட்டுவைத்தார், இறக்குகிற சட்டியை அதன் தலையில் வைத்தால் ஆடாமல் அசையாமல் நிற்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி ஒரே பெருமை.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சித்திரை மழைக்குப் பிறகு அதன் பொருத்தில் மஞ்சளாக ஏதோ கசியத் தொடங்கியது. நான் சீலைத்துண்டால் துடைத்தேன், மறுநாளும் கசிந்தது. துடைத்த விரலெல்லாம் மஞ்சள், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, நாக்கில் பட்டால் கைப்பு. நான் பின்னிக்கொண்டிருந்த வெள்ளைக் கம்பளியிலும் திட்டுத்திட்டாய் மஞ்சள் ஏறிவிட்டது. கறிக்கு அரைத்த மஞ்சளைக் கழுவாமல் பின்ன வந்துவிட்டாய் அக்கா என்று மைமூனா சிரித்தாள். நான் அன்று மஞ்சள் அரைக்கவே இல்லை, பிள்ளை. அப்பாவிடம் சொன்னேன், பழைய இரும்பென்றால் துரு வடியும்தானே என்றார்.

போன ஞாயிறு அடுப்புக் கல்லில் ஒன்று சூட்டில் வெடித்து இரண்டாகப் பிளந்துவிட்டது. நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. அப்பா பார்த்தார், அந்த இரும்புக் கட்டையை ஆட்டி ஆட்டி நிலத்திலிருந்து பிடுங்கினார், கல்லுக்குப் பதிலாக அடுப்பில் வைக்கப்போகிறேன் என்று காலால் உருட்டிக்கொண்டு போனார். நெருப்புக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஞானசேகரம் மாமா படலையைத் திறந்துகொண்டு வந்தார். மூன்று கிழமையாகக் காய்ச்சலில் கிடந்தவர், அதற்கு முன்பும் மாசி தொடங்கி மகன் வீட்டில் நின்றவர், அதனால் அந்தச் சாமானை அவர் அதுவரை கண்டதே இல்லை. வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சத்தம் போடவில்லை. நித்திரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கதைக்கிறமாதிரி, தம்பிராசா, காலை எடும், மெல்ல எடும், அதை இனித் தொடாதையும் என்றார். அப்பா சிரித்துக்கொண்டு, ஏன் ஐசே, பாம்பு கிடக்குதோ என்று கேட்டார். பாம்பெண்டால் நான் கத்தியிருப்பன், இது குண்டு, சண்டைக்காலத்துக் குண்டு என்றார் ஞானசேகரம் மாமா. பிறகு என் கையைப் பார்த்தார். இந்த மஞ்சள் எங்கால என்று கேட்டார். நான் சொன்னேன். அது துரு இல்லை, உள்ள இருக்கிற வெடிமருந்து கசியுது என்றார். தண்ணி ஊத்துவமா என்று கேட்டேன், ஒண்டும் செய்யவேண்டாம், நெருப்பை அப்படியே விட்டிட்டு எல்லாரும் றோட்டுக்கு நடவுங்கோ, ஓடவேண்டாம் என்றார்.

நடந்தோம். நான் வாழ்ந்த வீட்டை விட்டுப் பின்னல் பையோடு நடந்தேன், மகள். கொதிக்கிற சட்டியின் மணம் றோட்டுவரைக்கும் வந்தது. படலையைத் தாண்டியதும் மைமூனா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி. அக்கா, மற்றது எங்கட அவர்ர வள்ளத்தில என்றாள்.

சரீப் மாமா விடியவே போனவர், சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்றிருந்தோம். அவர் நங்கூரத்தைத் தூக்கிப் போடுகிற ஆள், மெல்ல இறக்குகிற ஆள் இல்லை. அப்பா ஞானசேகரம் மாமாவைப் பொலிசுக்கு அனுப்பிவிட்டுத் துறைமுகக் கரைக்கு ஓடினார், அன்ஸார் என்கிற பெடியனின் மோட்டர் வள்ளத்தில் ஏறிச் சரீப்பைத் தேடிப் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வள்ளம் தூரத்தில் ஒரு புள்ளி.

கரையில் ஒரு பூவரச மர நிழலில் இருந்தோம். மைமூனா பையைத் திறந்து பின்னத் தொடங்கினாள். தங்கச்சியின் பிள்ளைக்குத் தொப்பி. எனக்கு ஆத்திரம்கூட வந்தது, இப்போது பின்னுகிற நேரமா என்று. அவள் தலை நிமிராமல், கையை நிப்பாட்டினா நான் கத்திருவன் அக்கா என்றாள். பிறகு நானும் எடுத்தேன். என்ன பின்னினேன் என்று தெரியாது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது, கப்பல்கள் நின்ற இடத்தில் நின்றன, வெயில் சரியத் தொடங்கியும் ஒரு வள்ளமும் திரும்பவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். ஒரே ஒரு சத்தம். நிலம் அடியில் உதறியது. மரத்திலிருந்த காகம் எல்லாம் ஒன்றாக எழும்பின. எங்கள் துறைமுகத்தைச் சுற்றி மலை என்பது உனக்குத் தெரியும், சத்தம் மலையில் பட்டுப் பட்டு எல்லாப் பக்கத்தாலும் வந்தது. எங்கால அக்கா, எங்கால கேட்டது, கடலாலயா என்று மைமூனா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் எழும்பிச் சீலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர்வரை போனவளை நான்தான் பிடித்து நிறுத்தினேன். பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது, அப்பாவும் அதே கடலில்தான் நிற்கிறார். அவளுக்காகவே அதுவரை பயந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு யார் யாரைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று சொல்ல ஏலாது.

பொலிசும் கடற்படைக்காரரும் வந்து எங்கள் வீட்டுக் குண்டைத்தான் மணல் நிரப்பிய லொறியில் கொண்டுபோய் ஆளில்லாத கரையில் வைத்து வெடிக்கவைத்தார்களாம். வீட்டுப் பக்கம் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள். கரையில் இருந்த எங்களுக்குச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள். ஞானசேகரம் மாமா எங்களைத் தேடிக் கரைக்கு வந்து சொன்ன பிறகுதான் தெரியும்.

பொழுது சாய அப்பாவும் அன்ஸாரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, மைமூனாவின் முகத்தையும் பார்க்கவில்லை, கரையில் இருந்து மண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சரீப் மாமா மறுபக்கத்தால், கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து துடுப்பு வலித்துக்கொண்டு வந்தார். என்ன எல்லாரும் என்னை மாப்பிள்ளை அழைக்க வந்த மாதிரி நிக்கிறீங்க, சோறு கிடக்கா, பசி உயிர் போகுது என்றார். மைமூனா போய் அவருடைய நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள், குத்திக் குத்தி அழுதாள், அவர் மீன் கூடையையும் விடாமல் குத்து வாங்கிக்கொண்டு நின்றார். அப்பா வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். நங்கூரம் எங்க சரீப் என்று கேட்டார். அது கடலுக்கடியில பாரில, கல்லுக்க மாட்டிட்டுது தம்பிராசா காக்கா, எவ்வளவு இழுத்தும் வரல்ல, குத்தி இழுத்துப் பாத்தன், கடைசியில கயிற அறுத்து விட்டுட்டன், கயிறுதான் நட்டம் என்றார். எவ்வளவு இழுத்தும் என்று அவர் சொன்னபோது ஞானசேகரம் மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அது இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது, மகள். மறுநாள் கடற்படைக்காரர் சரீப் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுழியோடித் தேடினார்கள், அடுத்த நாளும் தேடினார்கள். இங்கதான் என்று ஓரிடம் காட்டியவர் பிறகு அங்கதான் என்று இன்னோரிடம் காட்டினார், அன்று முழுக்க நீரோட்டம் அவரை இழுத்துத் திரிந்திருக்கிறது. கிடைக்கவில்லை. வலை போடுகிற கடலில் குண்டை விட்டுவிட்டார் என்று மற்ற மீன்பிடிகாரர் அவரோடு கதைப்பதில்லை. அவர் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார், இருந்தால் எத்தனை நாள் சாப்பிடுவது. கப்பல்துறையில் நாங்கள் கிளறிய இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் நாலைந்து குடும்பம் கிழங்கு நட்டிருக்கிறது. மண்ணைச் சோதிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் அப்பா விடிய எழும்பிச் சைக்கிளில் அங்கே போய், மண்வெட்டியோடு வருகிறவர்களை மறித்துத் திருப்பி அனுப்புகிறார். சிலர் கேட்கிறார்கள், சிலர் பசியைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். இரவு சாப்பிடும்போது கையில் சோற்றை வைத்துக்கொண்டு காது கொடுத்துக்கொண்டே இருக்கிறார். நான் என்ன சத்தம் என்று கேட்பதில்லை.

என் விரல் மஞ்சள் மெல்ல மங்கி வருகிறது, டாக்குத்தர் பயமில்லை என்றார். நீ இராப்பணி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, மருமகனிடம் சொல்லிக் காலுக்கு நல்ல சப்பாத்து வாங்கு. குட்டிக்குச் சளி என்றால் கற்பூரவள்ளி அங்கே இருக்காது, மிளகுத்தண்ணீர் கொடு. எல்லாத் தெய்வமும் உங்கள் மூன்று பேரையும் பொத்திப் பிடிக்கட்டும், அப்பாவும் தன் ஆசீர்வாதத்தைச் சேர்த்து எழுதச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஆவணி விடுமுறைக்கு வருகிறபோது குட்டியைக் கடலில் குளிக்கவைப்பதாக வாக்குக் கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தால் இப்போதே ஏதாவது சொல்லி மறக்கப்பண்ணு. வீட்டுக் கிணறு இருக்கிறது, நான் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றுவேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
த. பாக்கியரத்தினம்