பெலெம் சந்தைப் படிக்கட்டில் சுமைத்துணிக்குத் தடை

அனுப்புநர்
எந்தாங் பிரிஹாதினி,
வெங்காய மொத்த விற்பனை, கடை எண் 31, மேல்தளம்,
பெலெம் சந்தை, சுரகர்த்தா.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நகரச் சந்தைகள் துறை, சுரகர்த்தா.

பொருள்: சுமை தூக்கும் முறை குறித்த ஆணையை நீக்கவும், சுமைதூக்கும் தொழிலாளி வகிராவின் அனுமதி அட்டையைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

அறுபது கிலோ வெங்காய மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறுகிறவர், தன் கால் எந்தப் படியில் விழுகிறது என்பதை எப்படிப் பார்ப்பார்? எனக்குத் தெரியவில்லை. நான் இயற்பியல் பட்டதாரி. யோசித்துப் பார்த்தேன், வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியும் பார்த்தேன். சந்தைத் தலைவர் திரு. தர்சோனோ அவர்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அப்படித்தான் ஏற வேண்டும் என்று ஆணை பிறப்பித்தவர் அவர்தான்.

1. எங்கள் சந்தையில் லாரியிலிருந்து மேல்தளத்துக்குச் சரக்கு ஏற்றுபவர்கள் பெண்கள். மூட்டையை முதுகில் சாய்த்து, செலெண்டாங் துணியால் கட்டி, முடிச்சை மார்புக்கு மேல் ஒரு கையால் பிடித்துக்கொள்வார்கள். மற்றொரு கை கைப்பிடிச் சுவரில் இருக்கும். உடல் முன்னால் வளைவதால் பாரம் பாதங்களுக்கு மேலே நிற்கும். கண் படியைப் பார்க்கும். இது சந்தைத் தலைவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

2. ஆகஸ்ட் 6 அன்று ஜகார்த்தாவிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். குளிரூட்டிய அறையில், சமதரையில், காலி அட்டைப்பெட்டியை அவர் தூக்கிக் காட்டினார். முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, சுமையை நெஞ்சோடு அணை. தரையிலிருந்து மேசைக்கு ஒரு பெட்டியை எடுத்து வைக்க இது நல்ல முறை. அந்த அறையில் படிக்கட்டு இல்லை. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

முப்பத்தெட்டுப் பெண்களும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்திட்டார்கள். விருந்தாளியை முகத்துக்கு நேரே மறுப்பது நம்மிடம் வழக்கமில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிறகு வகிராவைக் கேட்டேன். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கார், பாவம். பெட்டியத் தூக்குறதுக்குள்ளயே மூச்சு வாங்குது அவருக்கு. அதுக்கு மேல என்னத்தச் சொல்றது?" என்றார். அந்தத் தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மறுவாரமே துணிக்குத் தடை வந்தது; அவர் காட்டிய முறையின் படமும் சந்தைச் சுவரில் ஒட்டப்பட்டது. இதே ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை என்றால், அவர் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

3. ஆகஸ்ட் 19 காலை, படிக்கட்டின் அடியில் காவலாளி நின்று துணிகளை வாங்கி வைத்துக்கொண்டார். வகிராவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினெட்டு ஆண்டுகளாக என் கடைக்குச் சரக்கு ஏற்றுபவர், ஒருமுறையும் விழுந்ததில்லை. அன்று என் மூட்டையை ஆணைப்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். ஏழாம் படியின் விளிம்பு உடைந்து எட்டு மாதமாகிறது. அவருக்குப் படி தெரியவில்லை. கணுக்கால் பிசகியது, மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

4. "பயிற்சி பெற்றும் முழங்காலை முறையாக மடக்காததே விபத்துக்குக் காரணம்" என்று விபத்து அறிக்கை கூறுகிறது. அதில் கையெழுத்திட்டவர் திரு. தர்சோனோ. அவர் அன்று விடுப்பில் இருந்தார். உடைந்த படி அறிக்கையில் இல்லை. வகிராவின் அட்டை பறிக்கப்பட்டது. இம்மாதம் 31க்குள் தீர்வு வராவிட்டால் நிரந்தரமாக ரத்தாகும். அட்டை இல்லாதவர் இந்தச் சந்தையில் ஒரு கூடையைக்கூடத் தொட முடியாது. அவருக்கு வேறு தொழில் இல்லை.

5. துணியை நான் போற்றிப் பாட வரவில்லை. அறுபது கிலோவை எதில் கட்டித் தூக்கினாலும் முட்டி தேயும், முதுகெலும்பு நசுங்கும். இங்கே ஐம்பதைத் தாண்டிய எவரும் இரவில் கால் நீட்டிப் படுப்பதில்லை. அந்த மூட்டைகளை வரவழைத்தவர்களில் நானும் ஒருத்தி. குற்றத்தில் எனக்குப் பங்குண்டு. அடுத்த மாதம் முதல் இருபத்தைந்து கிலோவாகக் கட்டி அனுப்பும்படி, எனக்கு வெங்காயம் அனுப்பும் பிரெபெஸ் ஊர் வியாபாரிக்கு எழுதிவிட்டேன். பாதுகாப்பு என்பது சுமையைக் குறைப்பதும் படியைச் செப்பனிடுவதும்தான். சுவரில் படம் ஒட்டுவது அதைவிடச் சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனவே தாங்கள், முதலாவதாக அந்த ஆணையை நீக்கவும், இரண்டாவதாக வகிராவின் அட்டையைத் திருப்பித் தரவும், மூன்றாவதாக மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ என எல்லாக் கடைகளுக்கும் வரம்பு விதிக்கவும், நான்காவதாகப் படியைச் சரிசெய்து, லாரி நிற்கும் இடத்தில் ஒரு கப்பி அமைக்கவும் வேண்டுகிறேன். ஆய்வுக்குத் தாங்களே நேரில் வந்தால், ஏறிப் பார்க்க ஒரு மூட்டை தயாராக இருக்கும்.

சுரகர்த்தா
26 ஆகஸ்ட் 2024

இப்படிக்கு,
எந்தாங் பிரிஹாதினி

சேர்க்கை, 27 ஆகஸ்ட்: நேற்று மூன்று மணிக்கே தங்கள் அலுவலகம் மூடியிருந்ததால் மனுவைக் கொடுக்க முடியவில்லை. இன்று நடந்ததையும் பதிவு செய்கிறேன்.

காலை பத்து மணிக்குச் சந்தை அலுவலகத்துக்கு ஓர் இரும்பு அலமாரி வந்து இறங்கியது. அதை மேலே ஏற்ற நான்கு பெண்களை அழைத்தார்கள். அவர்கள் ஆணைப்படி அலமாரியை நெஞ்சோடு அணைக்கப் போனதும், திரு. தர்சோனோ பதறிப்போய், "அட, கீறல் விழுந்துடும். உங்க வழக்கப்படியே கட்டித் தூக்குங்க," என்றார். நால்வரில் மூத்தவரான துகினெம் கைகளை எடுத்துவிட்டு, "வகிராவோட அட்டை வராம எங்களுக்குக் கட்ட வராதுங்க, ஐயா," என்றார். மிகவும் பணிவாகத்தான் சொன்னார். அலமாரி முக்கால் மணி நேரம் வாசலில் வெயிலில் நின்றது. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அட்டை வந்தது.

அலமாரி துணியில் மேலே போனது. தகவல் கேட்டு நொண்டியபடி வந்த வகிரா என் கடையில் அட்டையை வாங்கிக்கொண்டு, கால் வீக்கம் வடிந்ததும் வருவதாகச் சொல்லி வீட்டுக்குப் போனார். ஆணை மாலை வரை நீக்கப்படவில்லை. பிற்பகலில் காவலாளி மறுபடியும் துணிகளை வாங்கி வைத்தார். ஆகவே இரண்டாவது கோரிக்கையை மட்டும் அடித்துவிட்டு, மற்ற மூன்றையும் அப்படியே சமர்ப்பிக்கிறேன்.

எ. பி.