வெள்ளைக் கால்சட்டைக்காரிக்கு

மின்னசோட்டா,
ஜனவரி 9, 1996

அன்புத் தங்கை டாக்னிக்கு,

அக்கா மார்லிஸ் எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆர்லன் நலம், நாய் நலம். குளிர் மட்டும் ஆளைத் தின்கிறது. என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. எப்படி இருக்கே என்று நீ கேட்டு முடிப்பதற்குள் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடும். நம் ஊரில் பிறந்தவர்களுக்குச் சாகக் கிடக்கும்போதும் வருகிற ஒரே பதில் அதுதானே.

உன் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தது. உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் நகல் எடுத்து அனுப்புகிற கடிதத்தில் மற்றவர்கள் பிள்ளைகள் வாங்கிய மெடலையும் புது டிராக்டரையும் பற்றி எழுதுவார்கள். நீ உன் கருப்பையை எடுத்துவிட்டதைப் பற்றி எழுதியிருக்கிறாய். கட்டிகள் போயின, இப்போதுதான் மனுஷியாக நடமாடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சித்தப்பா அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். போதாததற்கு மலையடிவாரத்தில் நின்று எடுத்த படம் வேறு. வெள்ளைக் கால்சட்டை போட்டிருக்கிறாய். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. படத்தைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் கவிழ்த்து வைத்தேன்.

எனக்கும் அதேதான், டாக்னி. ஒரே தாய் வயிற்றில் பிறந்தோம், கட்டியும் ஒரே கட்டியாக வாய்த்திருக்கிறது. பல வருடமாக மாதத்தில் பாதி நாள் இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. அடிவயிற்றில் யாரோ உட்கார்ந்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. கறுப்பும் கருநீலமும் தவிர எனக்கு வேறு நிறத்தில் கீழாடை கிடையாது. எங்கே போனாலும் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உனக்கு ஆபரேஷன் ஆனபோது இங்கே சர்ச் பெண்கள் சேர்ந்து உனக்காக ஒரு மெத்தைப் போர்வை தைத்தார்களே, அதன் ஓரம் முழுவதும் நான் தைத்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் உன்னைப் பற்றியே பேசினார்கள். வெர்னிஸ் என் தோளைத் தட்டி, “பாவம்டி உன் தங்கச்சி, எவ்வளவு தாங்கியிருக்கா. நல்லவேளை, நீயாவது கிண்ணுன்னு இருக்கே” என்றாள். அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். எழுந்தால் நாற்காலி காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, எல்லோரும் வீட்டுக்குப் போகும் வரை அசையாமல் தைத்தேன். ஓரம் நன்றாக வந்திருக்கிறது என்று நீ நன்றி எழுதியிருந்தாய். ஒவ்வொரு குத்தும் உன்னைத் திட்டிக்கொண்டே குத்தியது. இந்த ஊரில் ஒருவர் படுத்துவிட்டால், அக்கம்பக்கத்தார் அடுப்பில் வேகவைத்த கேசரோல் பாத்திரங்கள் வாசலில் வந்து குவியும். பக்கத்து வீட்டு ஆல்வினுக்குக் கால் சுளுக்கியபோதுகூட வந்தது. என் வாசலுக்கு ஒரு பாத்திரம்கூட வரவில்லை. வாயைத் திறக்காதவளுக்கு யார் சமைத்துக் கொண்டுவருவார்கள் என்று நீ சொல்வாய், சொல்லு.

அக்டோபரில் சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட்ரூட் அறுவடை. வழக்கம்போல நான்தான் லாரி ஓட்டினேன். குவியல் போடும் இடத்தில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது யாரும் விலகிப் போக முடியாது. அங்கேதான் அது உடைப்பெடுத்தது. சீட்டெல்லாம் நனைந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன சர்க்கரை பீட்ரூட் வெள்ளையாக வேறு விளைகிறது. சிவப்பாக இருந்திருந்தால் அதன் தலையில் பழியைப் போட்டிருப்பேன். எடை போடுகிற பையன்கள், “என்ன மார்லிஸ், எறங்கி ஒரு காபி குடிச்சா கொறஞ்சா போயிடுவீங்க?” என்று கேட்டார்கள். பரவாயில்லை என்று சொல்லி இருட்டும் வரை லாரியை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் பார்த்தால் சீட்டில் புதிதாக ஆட்டுத்தோல் விரிப்பு போட்டிருந்தது. அடியில் இருந்த கறையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார் ஆர்லன். நான் கேட்கவில்லை. அவராகவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “எண்ணெய் ஏதோ சிந்தியிருக்கு போல” என்றார். இருபத்திரண்டு வருடமாக என்னோடு வாழ்கிற மனிதர், எண்ணெய்க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை. உன் ராஜர் உன் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தானாம், லீவு போட்டுச் சமைத்தானாம். அதையும் கடிதத்தில் எழுதாமல் விட்டாயா நீ. எனக்கு வாய்த்தது ஆட்டுத்தோல். நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் பொறாமையாக இருக்கிறது.

நவம்பரில் ஃபார்கோவுக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். ஆர்லன் குளிருக்காக லாரி எஞ்சினை ஓடவிட்டு வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்கேனில் கட்டி ஆரஞ்சுப்பழம் அளவு தெரிந்தது. டாக்டர் தன்மையான மனிதர். “ரொம்பப் போகுதாம்மா? வேலை செய்ய முடியுதா?” என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, “கொஞ்சம் அதிகமாத்தான் போகுது, சமாளிச்சுக்கறேன்” என்றேன். எத்தனை பேட் மாற்றுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவர் என்ன செய்வார், நான் சொன்னதை நம்பினார். “தொந்தரவு இல்லேன்னா கத்தி எதுக்கு? மாதவிடாய் நின்னதும் தானா சுருங்கிடும், காத்திருப்போம்” என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். லாரியில் ஏறியதும் ஆர்லன், “என்ன சொன்னார்?” என்றார். பரவாயில்லையாம் என்றேன்.

நீ உன் டாக்டரிடம் மேசையைத் தட்டி, ‘இப்படி என்னால வாழ முடியாது, ஏதாவது பண்ணுங்க’ என்று சொன்னதாக ஜூன் மாதம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்றிலிருந்து அந்த வார்த்தையைச் சமையலறையில் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். வரவில்லை. ‘இப்படி’ வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் ‘பரவாயில்லை’ என்றுதான் வருகிறது. உன் கால்சட்டையைவிட, உன் ராஜரைவிட, அந்த வாய் மேல்தான் எனக்குப் பொறாமை, டாக்னி. நம் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சோறுதான் போட்டார்கள். உனக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது அது?

போன வாரம் ஃபார்கோ டாக்டரிடமிருந்து நர்ஸ் போனில் கூப்பிட்டாள். டாக்டர் சொல்லி டிசம்பரில் கொடுத்த இரத்தப் பரிசோதனையில் இரத்தம் மிகவும் குறைந்திருக்கிறதாம். நான் சொன்னதற்கும் இதற்கும் பொருந்தவில்லையாம். பிப்ரவரி ஆறாம் தேதி மறுபடியும் வந்து டாக்டரோடு உட்கார்ந்து பேசச் சொல்லியிருக்கிறாள். ஆபரேஷனா, காத்திருப்பதா என்று அன்றைக்கு நான் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கு இப்போதே தெரியும். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பேன், சமாளிக்கிறேன் என்பேன், அவர் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்பும் கேட்பேன்.

ஆகையால் நீ வர வேண்டும். டென்வரிலிருந்து இந்தக் குளிரில் வருவது சுலபம் இல்லை என்று தெரியும். பஸ் நிலையத்துக்கு ஆர்லன் வருவார். வழியெல்லாம் வானிலை பற்றி மட்டும்தான் பேசுவார், பொறுத்துக்கொள். உன்னைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் எரியும், முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பேன், அதையும் பொறுத்துக்கொள்.

சிறு வயதில் பெரியவர்கள் முன்னால் நான் பேசும்போதெல்லாம் நீ குறுக்கே விழுவாய். எத்தனை முறை உன் தொடையில் கிள்ளி அடக்கியிருப்பேன். அன்றைக்கு டாக்டர் முன்னால் நான் வாயைத் திறந்ததும் குறுக்கே பேசு, டாக்னி. நான் கிள்ளினாலும் நிறுத்தாதே.

உன் உடம்பு இனி நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும். பொறாமையோடுதான் வாழ்த்துகிறேன். ஆனாலும் வாழ்த்துகிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அக்கா மார்லிஸ்