மாறிப்போன வலக்கட்டை

என் தங்கமே, ஏழுமலை,

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் உடம்புகூட எங்களுக்குக் கிடைக்கவில்லையே. பள்ளிக்கூடத்தில் படித்ததை நீ மணலில் எழுதிக் காட்டுவாய், அந்த எழுத்து உன்னைவிட எனக்குத்தான் நிலைத்தது. அதை வைத்துக்கொண்டு இந்த ஓலைகளைக் கீறுகிறேன். பிழை இருந்தால் அது வாத்தியாரான உன் குற்றம்.

நேற்று மீன் விற்கப் பழவேற்காட்டுக்குப் போனேன். கோட்டைப் பக்கத்து இடுகாட்டில் உலாந்தா வெள்ளைக்காரர்களுக்காக ஒரு கல்தச்சன் கல்லறைக் கல்லின் ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கிக்கொண்டிருந்தான். மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்தோடுவதற்காம். செத்தவனுக்கு இவ்வளவு பக்குவமா என்று நின்று பார்த்தேன். உனக்குக் கல்லும் இல்லை, குழியும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மரத்தின் ஓரத்தைச் சாய்த்துத்தான் நம் வீட்டில் சோறு வெந்தது. கட்டுமரம் அலைமேல் ஏறவேண்டும் என்று நைனா அதன் மூக்கை வாய்ச்சியால் மேல்நோக்கிச் சீவுவார். கயிறு சுற்றும் இடத்தில் கூரான விளிம்பை மழுக்குவார். எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டைகள் ஒன்றோடொன்று சேரும் பக்கத்தின் சாய்வு. நடுக்கட்டையின் சாய்வில் இரண்டு பக்கக்கட்டைகளும் உட்கார்ந்து, கயிறு இறுக இறுகக் கவ்விக்கொள்ளும். ஒரு கட்டுமரத்தின் சாய்வு இன்னொன்றுக்குச் சேராது. கரைக்கு வந்ததும் கட்டைகளை அவிழ்த்துக் காயப்போடும்போது, அவரவர் கட்டையை அவரவர் இடத்தில் போடுவது அதனால்தான்.

நீ போன அன்றைக்கு மட்டும் அப்படி இல்லை. முந்தின நாள் கடல் ஏறியதால் எல்லார் கட்டைகளையும் இழுத்து மேட்டில் ஒரே குவியலாகப் போட்டிருந்தோம். வெளிக்கடலில் நின்ற கப்பலுக்குக் கடுதாசி போகவேண்டும் என்று கோட்டை ஆள் வந்து விரட்டினான். "இன்னாபா இவ்ளோ நேரம், சீக்கிரம் கட்டு" என்றான். நீயும் பிறந்ததிலிருந்தே அவசரக்குடுக்கை. குவியலிலிருந்து மூன்று கட்டைகளை உருவிக் கட்டிக்கொண்டு போனாய். பெரிய அலையில் கட்டுமரம் பிரிந்ததைக் கரையில் நின்று எல்லோரும் பார்த்தோம்.

கட்டைகள் மட்டும் வந்து ஒதுங்கின. கயிறு விளிம்பில் பட்டு அறுந்திருந்தது. "பெரியவரு கை தப்பிடுச்சு. ஓரத்த ஒழுங்கா மழுக்கல" என்றார்கள் ஊரார். நைனா மறுக்கவில்லை. "ஆமாம்பா, என் கைதான் தப்பிடுச்சு" என்று எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து யாரும் அவரிடம் கட்டை செதுக்கக் கொடுப்பதில்லை. கூரையில் செருகிய வாய்ச்சி அங்கேயே துருப்பிடிக்கிறது. பெற்ற பிள்ளையைக் கொன்றவர் என்று அவர் காதுபடவே பேசுகிறார்கள், தெரியுமா?

எனக்கு மனசு ஒப்பவில்லை. போன வாரம் அந்த மூன்று கட்டைகளையும் கொல்லையில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அடியில் கையை விட்டேன். வலக்கட்டைக்கும் நடுக்கட்டைக்கும் இடையில் என் விரல்கள் நுழைந்தன. மரம் நம்முடையது போலவே இருந்தாலும் அது நம் கட்டையே இல்லை. அந்த இடுக்கில் ஆடி ஆடித்தான் கட்டை கயிற்றை அறுத்திருக்கிறது.

நம் கட்டைகளோடு ஒரே மரத்தில் நைனா வெட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பொன்னனுக்கு மட்டும்தான். அப்படியென்றால் நம் வலக்கட்டை அவன் வீட்டில் கிடக்கிறது. நீ போவதற்கு முன்பே கால் முறிந்து படுத்தவன் இப்போதுதான் எழுந்து நடக்கிறான். இரண்டொரு நாளில் கடலுக்குப் போகப்போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கட்டிக்கொண்டு போனால் அவன் கட்டுமரமும் பிரியும். ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"தெரியும்மா. ஒதுங்குன அன்னிக்கே தடவிப் பார்த்தேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு நைனா பழிய உன் மேல போட்டுக்கின?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? அவனே மாத்திக் கட்டிக்கினு செத்தான்னு ஊரு சிரிக்கும். செத்தவன் வந்து பதில் சொல்வானா? என்னைப் பேசட்டும், நான் கேட்டுக்கினு கெடக்கறேன்." பிறகு சொன்னார்: "பொன்னன் கடலுக்குப் போறதுக்குள்ள மாத்திடணும்னு பார்க்கறேன். ஒண்டியா தூக்க முடியல. நீ ஒரு கை புடி."

பொன்னன் வீட்டார் கோயிலுக்குப் போயிருந்த மத்தியானத்தில் நானும் நைனாவும் திருடர்களைப் போலக் கட்டையை மாற்றினோம். நைனாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நம் கட்டையைத் தொப்பென்று போடவில்லை. மெதுவாக இறக்கி, மணலைத் துடைத்துவிட்டார்.

பொன்னன் கடலுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பினான். வந்ததும் நம் வாசலில் நின்று, "பெருசு, நீ செதுக்குனதாச்சேன்னு பயந்துக்கினேதான் போனேன். சாமி காப்பாத்துச்சு. அடுத்தத வேற ஆள்கிட்ட வெட்டிக்கறேன், தப்பா நெனச்சுக்காத" என்றான். நைனா "சரிப்பா" என்றார். உண்மை எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். ஏழுமலை, உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? ஒரு தரம் அடியில் கையை விட்டுப் பார்க்க உனக்கு நேரமில்லையா?

இன்று நம் மூன்று கட்டைகளையும் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கினேன். இந்தக் கடிதத்தின் முதல் ஓலையை அவற்றின் நடுவே செருகி வைக்கலாம் என்று பார்த்தேன். மேலேயும் நுழையவில்லை, அடியிலும் நுழையவில்லை. ஓலைதான் மடங்கியது.

அதனால் இந்த ஓலைகளைக் கூரையில் வாய்ச்சிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். நைனா இருக்கிறவரை அவர் சொன்னபடி வாயைக் கட்டிக்கொண்டிருப்பேன். அவர் கண்மூடிய அன்று, பாடையைத் தூக்குவதற்கு முன்னால், ஊர் கூடி நிற்கும்போது இதை உரக்கப் படிப்பேன். உன் பேர் கெடும், தம்பி. பொறுத்துக்கொள்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த,
இன்னும் கோபம் ஆறாத
உன் அக்கா