துறைமுகங்கள் இடம் மாறிய வகுப்பு

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எங்கள் கூட்டுப் பாடத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

உன் ஊர்ப் பல்கலைக்கழகமும் எங்களுடையதும் சேர்ந்து, ஒரே கடலின் இரண்டு கரைகளிலும் இருக்கிற துறைமுக ஊர்களைப் பற்றிப் பாடம் நடத்தப் போகிறோம் என்று சொன்னேன் அல்லவா? இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகங்கள், இரண்டிலும் எங்கள் துறைக்கு மாணவர்கள் குறைவு. இந்தப் பாடம் தேறாவிட்டால் எங்கள் துறையையே மூடிவிடுவதாக இருந்தார்கள். முடிவு செய்ய வந்த குழுவின் தலைவர் ஒரு பொறியியல் பேராசிரியர், சிரித்தால் அபராதம் கட்ட வேண்டும் என்பது போல முகம். அவர்கள் முன்னால் இரண்டு கரை மாணவர்களையும் திரையில் இணைத்து மாதிரி வகுப்பு தொடங்கும்போதுதான் குட்டு உடைந்தது. பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு என்று பேசியதோடு சரி, எந்தப் பாதி யாருக்கு என்று கேட்பது மரியாதையில்லை என்று இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம். நம் ஊர்ப் பெருமையை நாமே பேசுவது அழகா என்று நான் உன் ஊர்த் துறைமுகத்தைப் பற்றியே தயாரித்திருந்தேன். திரையில் வந்த அக்கரைப் பேராசிரியையும் அதே மரியாதையில் நம் ஊரைப் பற்றியே தயாரித்திருக்கிறார். சொந்த ஊரைப் பற்றிப் பேச ஒருவரிடமும் ஒரு வரி இல்லை!

வேறு வழியில்லாமல் ஆரம்பித்தேன். உங்கள் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கயிற்றுக் கடைத் தெருவைப் பற்றி நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்து மாணவர்கள் சிரிக்கிறார்கள். அது இப்போது கார் நிறுத்துமிடமாம். அசடு வழிந்தேன். அடுத்து அந்த அம்மா நம் ஊர் ஐஸ் தொழிற்சாலைச் சந்து பற்றிப் பேச, நம் பக்கத்துக் கடைசி வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து, அப்படியில்ல மேடம், அந்தப் பக்கம் லாரியே போகாது என்று மல்லுக்கு நிற்கிறார்கள். நீ நம்பமாட்டாய், நம் குழுத் தலைவரும் எழுந்துவிட்டார். அந்தச் சந்துல ரெண்டாவது வீடு எங்களோடதும்மா, லாரி எங்க திண்டாடும்னு நான் சொல்றேன் என்று பலகையில் படம் போட ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூட வந்த மனிதர் கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு கையெழுத்துப் போட்டார், ஒரே நிபந்தனையோடு: இந்தக் குளறுபடி அப்படியே இருக்கணும். பருவத்துக்கு ஒரு ஆசிரியர் எதிர்க்கரைக்குப் போய், அந்த ஊரைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடமே சொல்லித் திருத்தம் வாங்கிக்கொண்டு வரவேண்டும். முதலில் போவது நான்தான்!

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பெட்டியைத் துடைத்து வாசலிலேயே வைத்துவிட்டார், போன உடனே அவளைத் திட்டாத, ரெண்டு நாள் போகட்டும் என்கிறார். உண்மையைச் சொல்கிறேன், போனில் நல்லா இருக்கேம்மா என்பதற்கு மேல் நீ வாய் திறப்பதில்லை. நீ எந்தக் காற்றில் நடக்கிறாய், எந்தத் தெருவில் காய் வாங்குகிறாய் என்று தெரியாமல் தவித்துத்தான் அந்த ஊரை அப்படி விழுந்து விழுந்து படித்தேன். துறைமுகப் பேருந்து உன் வீட்டு வழியாகப் போகிறது என்றுகூட வகுப்பில் சொன்னேன். சரியா தப்பா என்று எழுதாதே, வந்து பார்த்துக்கொள்கிறேன்.

குறையொன்றும் இல்லாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும். மறக்காமல் வீட்டுக்கு இன்னொரு சாவி செய்து வை.

உன்னிடம் திருத்தம் வாங்க வரும்,
அம்மா