நீ பதித்த தரை

என் மூத்தவளுக்கு,

இங்கிலாந்தில் உன் மச்சாளின் கலியாணம் முடிந்து ரொறன்ரோ திரும்பிவிட்டோம். நீ கல்வேலை செய்கிற கதீட்ரல், அந்தப் பெரிய தேவாலயம், போகிற வழியில்தான் இருந்தது. அம்மா கேட்டதால் இறங்கினேன். உன்னை நேரில் பார்க்கத் தயங்கி, உனக்கு அன்றைக்கு லீவு என்று அறிந்த பிறகுதான் உள்ளே போனேன்.

வாசலில் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். தேவையில்லை என்றார் அங்கே நின்ற வெள்ளைக்காரர். இது என் மகள் பதித்த தரை என்றேன். மாலை ஆராதனைக்கு வந்தவர்களுக்கும் சொன்னேன்.

"இஞ்சையப்பா, காணும், நிப்பாட்டுங்கோ. எல்லாரும் பாக்கினம்" என்றாள் அம்மா.

பார்க்கட்டும். எண்ணூறு வருஷக் கோயிலுக்கு உன் கை தேவைப்பட்டிருக்கிறது.

இனி இங்கே எங்கள் அஜின்கோர்ட் பகுதியில் யாராவது, "மூத்தவள் என்ன செய்யிறாள்?" என்று கேட்டால் பேச்சை மாற்றமாட்டேன்.

வீட்டு முன்படி வெடித்துக் கிடக்கிறது. வேறு ஆளைக் கூப்பிடவில்லை.

அப்பா