பதினோரு சீடர் மரங்கள்

மாப்ளே,

போடி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் பிளாஸ்டிக் மரம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வருகிறதாம். ஊசி ஊசியாகப் பச்சை இலை, அதன்மேல் தலையணையிலிருந்து பிடுங்கியது மாதிரி பஞ்சு. கிட்டே போய் மோந்து பார்த்தேன். புது மழைக்கோட்டு வாடை. "பெரியவரே, தொடாதீங்க, லைட்டு எரியுது" என்றார் கடைக்காரர். "இதுக்கு எப்ப கவாத்து?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நீயாக இருந்தால் சிரித்திருப்பாயே என்று திரும்பிப் பார்த்தேன். நீ போன பிறகு வருகிற முதல் டிசம்பர் இது. இந்தத் திரும்பிப் பார்க்கிற சோலியே எனக்குப் பாதி நாளைத் தின்றுவிடுகிறது.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். இந்த மடலை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டுமல்லவா. போடிமெட்டிலிருந்து பூப்பாறை வரை என் அரிவாள் படாத நிழல் மரம் கிடையாது. ஏலச்செடிக்கு முழு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. மழைக்கு முன்னால் மேலே நிற்கும் மரங்களில் ஏறி, வேண்டாத கிளையைக் கழித்து, வேண்டிய வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும். அதற்குப் பேர்தான் கவாத்து. நான் கழித்த மரத்தடியில் வெயில் சலித்து எடுத்தது மாதிரி விழும். ஒருமுறை ஒற்றை யானை ஒன்று நான் மரத்தின் மேல் இருப்பதைப் பார்த்து, தும்பிக்கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வேறு வழியாகப் போனது. நீ அதை நம்பவில்லை. யானை நம்பியது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறாவதில் என்ன இருக்கும் என்று ஊகித்துவிட்டதால் போகவில்லை.

நீ என் தங்கச்சியைக் கட்டியவன், தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு, மெட்டுக்குக் கீழே அந்தத் தகரக் கூரை ஜெபவீட்டில் வேதம் வாசிப்பாய். வாசிப்பு கணீரென்று இருக்கும். பிரசங்கம் என்று வாயைத் திறந்தால்தான் முதல் கியரிலேயே வண்டி நின்றுவிடும். ஒரு வருஷம் ஒருநாள் சாயங்காலம் முகம் செத்துப்போய் என்னிடம் வந்தாய்.

"பேச ஆளில்லாத ஜெபவீடு எதுக்குன்னு கீழ சபையில கேட்கிறாங்க மச்சான். வர்ற ஞாயிறு போதகர் ஐயா வந்து உக்காந்து கேட்பாராம். நான் தேறலைன்னா பூட்டிருவாங்க. எல்லாரும் போடிக்குத்தான் எறங்கி வரணும்."

"வருவாங்களா?"

"வாரம் பூரா காட்டுல கெடந்துட்டு எவ வருவா? வீட்லயே படுத்துக்கிருவாங்க."

"சரி, எதைப் பத்திப் பேசப் போற?"

"மரம். நம்ம சனத்துக்குத் தெரிஞ்சது அதுதானே. வேதத்துல தொடக்கத்துலயும் மரம், முடிவுலயும் மரம். நடுவுல சிலுவை, அதுவும் மரம்."

"அப்பச் சரியான ஆள்ட்டதான் வந்திருக்க" என்றேன்.

ஜீப்பு பானெட்டின் மேல் வேதத்தை விரித்து வைத்து நீ ஒவ்வொரு மரமாக வாசிப்பாய். நான் தீர்ப்புச் சொல்வேன். சகேயு என்கிற குள்ளமான ஆள் இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறினான் என்றாய். கெட்டிக்காரன் என்றேன். அத்திக்குக் கிளை தாழ இருக்கும், குள்ளனுக்குத் தோதான மரம். கிளையில்லாமல் நெட்டுக்குத்தாக நிற்கும் சில்வர் ஓக்கில் ஏறப் பார்த்திருந்தால் ஊர்வலம் போய் முடிந்திருக்கும். எலியா தீர்க்கதரிசி மனசு வெறுத்து, சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாவு வேண்டும் என்று கேட்டார் என்றாய். "சூரை முள்ளுக்குக் கீழயா? அதுல படுத்தா கேட்காமயே வருமே" என்றேன். நாடு கடத்தப்பட்டவர்கள் ஆற்றங்கரை அலரிச்செடியில் கின்னரம் என்கிற யாழைத் தொங்கவிட்டார்கள் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. நம்ம ஊரில் அலரி என்றால் அரளி. அதில் ஒரு தூக்குச்சட்டியைத் தொங்கவிட்டாலே கொப்பு தரையைத் தொடும்.

மரங்கள் எல்லாம் கூடித் தங்களுக்கு ராஜா தேடிய கதைதான் எனக்குப் பிடித்தது. ஒலிவமரம் மாட்டேன் என்றது, அத்தி மாட்டேன் என்றது, திராட்சை மாட்டேன் என்றது. எல்லாவற்றுக்கும் காய்க்கிற சோலி இருந்தது. சும்மா நின்ற முட்செடிதான் சரி என்றது. "இது வேதமா, நம்ம தோட்டச் சங்கத்துத் தேர்தலா?" என்று கேட்டேன்.

கடைசியில் கேதுருவில் வந்து மாட்டிக்கொண்டாய். "நீதிமான் கேதுரு மாதிரி வளருவான்னு இருக்கு. அது என்ன மரம் மச்சான்?"

தெரியாது என்கிற வார்த்தை என் வாயில் அதுவரை புழங்கியதில்லை. "ஜெபவீட்டுக்கு நட, காட்டுறேன்" என்றேன். வழியில் ஏதாவது தோன்றும் என்று நம்பிக்கை. போனால், ஜெபவீட்டைச் சுற்றி நின்ற சந்தனவேம்பு மரங்களில் வெள்ளைப் பெயிண்டில் புதுசாக எழுதியிருந்தது. முந்தின வாரம் மரக் கணக்கு எடுக்க வந்தவர்கள் எழுதியது. மற்ற மரங்களுக்கு வெறும் நம்பர். இவற்றுக்கு மட்டும் தமிழில் பேர்: சீடர்.

நீ கிட்டே போய் எழுத்தைத் தடவினாய். "சீடருன்னா எழுதியிருக்கு?"

"பின்ன? கணக்கெடுத்தவன் விசுவாசி. ஜெபவீட்டைச் சுத்தி நிக்கிறதால சீடர்னு எழுதிட்டான்."

நீ ஒவ்வொன்றாக எண்ணினாய். "பதினொண்ணுதானே இருக்கு மச்சான்."

"யூதாஸ் எப்பவோ விழுந்துட்டான். அந்தா கெடக்கு பாரு, அடிக்கட்டை."

அந்த ஞாயிறு நான் கோயிலில் சாமி கும்பிடுகிறவன் என்பதையும் மறந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். போதகர் முன்னால் நாற்காலியில். நீ எழுந்தாய். முதல் கியர், மறுபடி முதல் கியர். பிறகு சூரை முள்ளைச் சொன்னாய். ஏலக்காட்டில் கையெல்லாம் கீறல் வாங்கும் பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், வண்டி மேடு ஏறிவிட்டது. அத்தி, அரளி, முட்செடி என்று எல்லா வளைவையும் ஒடித்து ஒடித்து ஏறி, கடைசியில் கையை நீட்டி, "வெளிய பாருங்க, சீடர்கள் நம்மளச் சுத்தித்தான் நிக்கிறாங்க" என்று முடித்தாய். ரெண்டு பேர் அழுதார்கள். ஒன்று நான்.

போதகர் வெளியே வந்து மரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"தம்பி, இது இயேசுவோட சீடர் இல்ல. இங்கிலீஷ்ல கேதுருவுக்கு சீடர்னு பேரு. இந்த மரத்தையும் அப்படித்தான் சொல்லுவாங்க, ஆனா இது லீபனோன் கேதுரு கிடையாது. வேற சாதி."

கூட்டம் உன்னைப் பார்த்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் மரத்தைப் பார்த்தேன். "ரெண்டு வகையிலயும் நாஞ் சொன்னது சரியாத்தான் வந்திருக்கு" என்றேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

போதகர் கைப்பையை எடுத்தார். ஜெபவீடு பூட்டப்படப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காய் பறிக்கும் பாக்கியம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஐயா, சீடரோ கேதுருவோ, மழ பெஞ்சா நாங்க ஒதுங்குறது அதுக்குக் கீழதான்."

அப்போது நீ பேசினாய், திக்காமல். "ஐயா, பேரு எனக்குத் தெரியலைங்கிறது நெசம். ஆனா ஏலச்செடி தானா நிக்காதுய்யா, மேல ஒரு மரம் வேணும். அதிகமானதக் கழிச்சு விடுங்க, அது கவாத்து. என்னையத் திருத்துங்க, அது கவாத்து. இதப் பூட்டுறது மரத்தையே வெட்டிப்போடுறது. அடுத்த கோடையில கீழ ஒரு செடி இருக்காது."

அந்தப் பேச்சில் கவாத்து என்கிற வார்த்தை என்னுடையது. மற்றதெல்லாம் உன்னுடையது என்று தாராளமாக ஒப்புக்கொள்கிறேன்.

போதகர் கைப்பையைக் கீழே வைத்தார். "அடுத்த ஞாயிறும் நீயே பேசு" என்றார். "மரம் மட்டும் வேண்டாம்."

நீ எங்கே கேட்டாய். கல்யாணத்துக்கும் மரம், சாவுக்கும் மரம். வைகாசியில் தேனி ஆஸ்பத்திரியில் மூச்சு மாஸ்க்கோடு கிடந்தபோதும் ஜன்னலைக் காட்டி அது என்ன மரம் என்று கேட்டாய். வாகை என்றேன். தூங்குமூஞ்சி என்று நர்சம்மா திருத்தினார். ரெண்டும் ஒன்றுதான் என்றேன். நீ சிரித்தது மாஸ்க்குக்குள் ஆவியாகப் படிந்து, மெதுவாகக் கலைந்தது.

ஜெபவீடு திறந்துதான் இருக்கிறது. இப்போது தங்கச்சிதான் வாசிக்கிறாள், உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. போன ஞாயிறு வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் பரலோகத்து ஜீவவிருட்சம் வந்தது. மாசாமாசம் காய்க்குமாம், அதன் இலை சனங்களின் நோய்க்கு மருந்தாம். வாசித்து நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அது என்ன மரமா இருக்கும்?"

எனக்கு உடனே மூன்று மரம் வாயில் வந்தது. மூன்றையும் விழுங்கினேன். "தெரியாதும்மா" என்றேன்.

தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின. பாக்கியம்தான் கேட்டாள். "அண்ணே, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை மாப்ளே. அந்த மரத்தை நீ பார்த்துவிட்டாய். நான் இன்னும் பார்க்கவில்லை.